பத்திரிகைக்குக் கதை அனுப்பும் முறை

கதையை எழுதி முடித்ததோடு எழுத்தாளனுடைய பிரயாசை தீர்ந்துவிடுகிறது என்றும், அதற்குப் பின் நிகழ்வதெல்லாம் பத்திராசிரியருடைய மனப்போக்கையும் தன்னுடைய அதிர்ஷ்டத்தையும் பொறுத்தவை என்றும் கருதுகிற இளம் எழுத்தாளர்கள் பலர். இந்த அபிப்பிராயத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆசிரியரின் ரசனை எழுத்தாளனுக்கு அடங்கியதில்லைதான். ஆயினும் அந்த ரசனை எத்தன்மையது என்பதை முன்கூட்டி அறிந்துகொள்வதும், அதற்கு இசைந்த கதையைத் தேர்ந்து, பிழையற்ற பிரதியாக்கி, உரிய இடத்துக்கு அனுப்பிப் பொறுமையோடு காத்திருப்பதும் முற்றிலும் அவன் கையிலேயே இருக்கின்றன. அவன் கையில் இருக்கும் அந்தப் பாதியைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

பத்திரிகையின் இயல்பு

தமிழில் சிறுகதை வெளியிடும் பத்திரிகைகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பேசுவது நெடுநாளைய வழக்கம். பெருந்தொகையான வாசகரை நோக்கித் தவணை தவறாமல் வெளிவரும் வெகுஜனப் பத்திரிகை ஒருவகை. குறைந்த பிரதிகளோடு, பெரும்பாலும் ஒருவருடைய அல்லது ஒரு சிறு நண்பர் குழுவினுடைய கைப்பொருளைக் கொண்டு நடக்கும் இலக்கியச் சிற்றிதழ் மற்றொரு வகை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையான உலகங்கள் என்று எண்ண வேண்டியதில்லை. 'சரஸ்வதி'யிலும் 'தாமரை'யிலும் எழுதிய ஜெயகாந்தன் பின்னர் 'ஆனந்த விகடன்' வழியாகத் தமிழ்நாடெங்கும் வாசிக்கப்பட்டார். எனினும் புதிதாக எழுதப் புகுபவருக்குச் சிற்றிதழே பெரும்பாலும் தக்க வாயில். ஏனெனில் பெயரறியாத ஒருவரின் கதையை, அதன் குணம் ஒன்றையே கருதி வெளியிடும் சுதந்திரம் அங்கே சற்று அதிகம்.

சிற்றிதழ் ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதரின் அல்லது ஒரு கொள்கையின் சாயலைத் தாங்கியது என்பதை நம் இலக்கிய சரித்திரமே காட்டுகிறது. 1933-ஆம் ஆண்டில் அரசியலும் இலக்கியமும் கலந்த வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய 'மணிக்கொடி', 1935-இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்புக்கு வந்தபோது சிறுகதைக்கென்றே உரிய ஏடாக மாறி, புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி முதலியோரின் கதைகளுக்கு இடமளித்தது. மௌனியை எழுதுமாறு தூண்டியவரும், அவருக்கு அந்தப் புனைபெயரைச் சூட்டியவரும் ராமையாவே. அதே மணிக்கொடி மரபில் வந்தவரும் தாமே தேர்ந்த சிறுகதையாசிரியருமான சி. சு. செல்லப்பா, 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது, அதன் பக்கங்களில் விமரிசனத்துக்கும் புதுக்கவிதைக்குமே பெரும் பகுதியை ஒதுக்கினார். ஒரே பாசறையில் வளர்ந்த இருவர் நடத்திய ஏடுகளுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு உண்டெனில், எந்த ஏட்டுக்கு எதை அனுப்புவது என்று ஆராயாமல் கதையை உறையிலிட்டு அனுப்புவது வீண் முயற்சியாகவே முடியும்.

இன்னொரு விஷயத்தையும் நினைவில் இருத்த வேண்டும். சிற்றிதழாசிரியருக்குப் பெரும்பாலும் வேறு உத்தியோகம் உண்டு. கதைகளைப் படித்துத் தேர்பவர், மெய்ப்புத் திருத்துபவர், அச்சகத்துக்குப் பணம் புரட்டுபவர், சந்தா முடிந்தவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதுபவர், உறைகளில் விலாசம் ஒட்டித் தபாலில் சேர்ப்பவர் ஆகிய எல்லோரும் அங்கே பல சமயம் ஒரே ஆசாமிதான். செல்லப்பா தம் வெளியீடுகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குச் சென்று விற்ற செய்தியைப் பழைய தலைமுறையினர் இன்றும் சொல்வர். ஆசிரியரிடமிருந்து பதில் தாமதமாவதற்கும், சன்மானம் சிறிதாகவோ இல்லாமலோ போவதற்கும் காரணம் அலட்சியமே என்று முடிவுகட்டுமுன் இந்த நிலைமையை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

முதலில் வாசகராக இருங்கள்

கதை அனுப்ப எண்ணும் பத்திரிகையின் அண்மைக்கால இதழ்களில் ஐந்தாறையேனும் சேகரித்து, அவற்றில் வெளியான சிறுகதைகளை ஒன்றுவிடாமல் படியுங்கள். மாவட்ட மைய நூலகங்களிலும் சென்னைக் கன்னிமாரா நூலகத்திலும் இத்தகைய ஏடுகள் சில கிடைக்கும். 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியில், பதிப்பகங்களின் அரங்குகளிலேயே பழைய இதழ்களைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஒரு பத்திரிகையின் பூர்வோத்தரத்தை அறிய விரும்புவோருக்குச் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பெரும் பொக்கிஷம்.

படிக்கும்போது ரசிகராகப் படிப்பதோடு நில்லாமல் நான்கு சங்கதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, கதைகளின் நீளம். 2,000 சொற்களுக்கு மேற்படாத கதைகளையே வெளியிட்டுவரும் ஏட்டுக்கு 7,000 சொற்களில் ஒரு கதையை அனுப்பினால், அதன் சிறப்பு எதுவாயினும் பக்கப் பற்றாக்குறையே அதைத் திருப்பிவிடும். இரண்டாவது, ஓர் இதழில் எத்தனை பெயர்கள் முன்பின் கேள்விப்படாதவை என்பது; ஆண்டு முழுவதும் பிரசித்தி பெற்றவர்களையே வெளியிடும் ஏடு புதியவருக்கு எளிதில் இடமளிக்காது. மூன்றாவது, மொழியைப் பற்றிய கொள்கை. வட்டார வழக்கைக் கதைசொல்லியின் நடையிலேயே அனுமதிக்கிறார்களா, உரையாடலோடு நிறுத்திக்கொள்கிறார்களா என்பதைக் கவனியுங்கள். நான்காவது, பத்திரிகையின் சமுதாய நோக்கு. மதுரையில் 1970-இல் தோன்றிய 'செம்மலர்' முற்போக்கு இயக்கத்தின் ஏடு. கோவில்பட்டியிலிருந்து கோணங்கி கொண்டுவரும் 'கல்குதிரை' புனைவின் வடிவத்திலும் மொழியிலும் துணிந்த சோதனைகளுக்குப் பெயர்பெற்றது. 1966-இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' ஈழத்து மண்ணின் வாழ்வையும் வழக்கையும் பேணிய பத்திரிகை. ஒன்றுக்கு உகந்த கதை மற்றொன்றுக்கு உகந்ததாக இராது என்பதை அறிய இப்பெயர்களே போதும்.

இந்த வாசிப்பின் முடிவில் ஏதேனும் ஒரு பத்திரிகையின் கதைகள் உங்களுக்கு மெய்யாகவே பிடித்திருந்தால், உங்கள் கதைக்கும் அங்கே நியாயமான வாய்ப்பு உண்டு என்று நம்பலாம். ஒரு பத்திரிகையின் கதை ஒன்றுகூட உங்களுக்கு ரசிக்கவில்லை என்றால், அந்த ஆசிரியருக்கும் உங்கள் கதை ரசிக்காது என்பது ஏறக்குறைய நிச்சயம். அவ்வேட்டின் கீர்த்தியை மட்டும் கருதி அங்கே முட்டிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை.

பிரதியைச் சித்தம் செய்தல்

எழுதிய கதையைச் சில வாரங்கள் கண்ணில் படாமல் வைத்துவிட்டுப் பிறகு எடுத்து, உரக்க வாசித்துப் பாருங்கள். நாக்கு இடறும் இடங்களில் வாக்கியமும் இடறியிருக்கும். அடுத்தபடியாக ஆரம்பத்தைப் பரிசோதியுங்கள். கதைகள் நிராகரிக்கப்படுவதற்கான காரணம் பல சமயம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

உதாரணமாக ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். வெளியூர்ப் பேருந்து ஒன்றில் ஏறிய முதியவள் நீட்டிய கிழிந்த ஐம்பது ரூபாய் நோட்டை நடத்துனர் வாங்க மறுப்பதும், அதனால் அவள் அடையும் அவமானமும், பக்கத்து இருக்கைக்காரியின் தயாளமும்தான் கதை. எழுதியவரோ முதல் பத்தியில் சூரியோதயத்தையும் பனி படர்ந்த வயல்களையும் வருணிக்கிறார். இரண்டாம் பத்தியில் அவளுடைய புருஷன் இறந்ததையும், மகன் திருப்பூருக்குப் பிழைக்கப் போனதையும், மருமகளோடு ஏற்பட்ட மனஸ்தாபத்தையும் வரிசையாகச் சொல்கிறார். மூன்றாம் பத்தியில்தான் நடத்துனர், "இது செல்லாது ஆத்தா, வேற குடு" என்கிறார். அனுபவமுள்ள ஆசிரியரின் பென்சில் முதலிரண்டு பத்திகளையும் அடித்துவிட்டு, நடத்துனரின் வார்த்தையிலிருந்து கதையைத் தொடங்கும். அடிக்கப்பட்ட விவரங்கள் எல்லாம் வீணாவதில்லை. அவள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துச் சில்லறையைத் தேடும்போது, வெற்றிலைக் காம்புகளுக்கு நடுவே மகன் எப்போதோ எழுதிக்கொடுத்த தொலைபேசி எண்ணுள்ள காகிதம் தலைகாட்டினால், திருப்பூரும் மனஸ்தாபமும் ஒரே வாக்கியத்தில் வாசகனுக்கு விளங்கிவிடுகின்றன. சூரியோதயம் மட்டும் திரும்பி வருவதில்லை. அது இக்கதைக்கு ஒருபோதும் தேவைப்பட்டிருக்கவில்லை. ஆசிரியர் செய்யக்கூடிய இந்தக் காரியத்தை எழுதியவரே முன்னதாகச் செய்துவிட்டால், கதை ஏற்கப்படும் சாத்தியம் பன்மடங்கு பெருகுகிறது.

எழுத்துப் பிழைகளைப் பற்றிப் பலர் மெத்தனமாக இருக்கிறார்கள். 'வீட்டுக்கு சென்றான்' என்று ஒற்றை விட்டுவிடுவதும், 'கதைக் கூறினான்' என்று வேண்டாத இடத்தில் ஒற்றைப் புகுத்துவதும், லகர ளகர ழகரங்களை மாற்றி எழுதுவதும் கதையின் சாரத்தைக் கெடுப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் பக்கத்துக்குப் பத்துப் பிழை இருக்குமாயின், அவற்றையெல்லாம் திருத்தும் வேலை தம் தலையில் விழுகிறது என்ற எண்ணம் ஆசிரியருக்கு முதலில் தோன்றிவிடுகிறது. வட்டார வழக்கிலும் இதே கவனம் வேண்டும். முதல் பக்கத்தில் "ஏனுங்க, வந்துட்டீங்களா" என்று கொங்கு நாட்டு மரியாதையில் பேசிய பாத்திரம், நான்காம் பக்கத்தில் காரணமில்லாமல் "என்னல, எங்க போன" என்று நெல்லைச் சீமையில் பேசுமாயின், எழுதியவருக்கு அந்த இரண்டு ஊரும் தெரியாது என்று வாசகன் தீர்மானித்துவிடுவான்.

பிரதியின் வடிவம் எளியதாக இருக்கட்டும். யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்து, வேர்டு கோப்பாக அனுப்புவதே இன்று பொதுவில் ஏற்ற முறை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பிரதி பொருளற்ற குறிகளாகத் தோன்றும். பிடிஎஃப் ஆகவோ புகைப்படமாகவோ அனுப்பினால் பக்கம் அமைப்பவர் முழுக்கதையையும் மறுபடி அடிக்க நேரும். வண்ண எழுத்து, அலங்காரக் கோடு, கூகுளில் எடுத்த பூப்படம் முதலியவை வேண்டாம். கதையின் தலைப்பும் உங்கள் பெயரும் மேலே இருக்கட்டும். புனைபெயரானால் இயற்பெயரையும் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் இறுதியில் குறிப்பிடுங்கள். கையெழுத்துப் பிரதியை இன்றும் ஏற்கும் ஏடுகள் சில இருக்கின்றன. அவற்றுக்கு அனுப்பும்போது தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், ஓரம் விட்டு, வரிகளுக்கிடையே திருத்த இடம் விட்டு எழுதி, நகல் ஒன்றை அவசியம் வைத்துக்கொள்ளுங்கள். வெளியிடாத பிரதிகளைத் திருப்பி அனுப்ப இயலாது என்று பல ஏடுகள் அறிவித்திருப்பது சம்பிரதாய வாசகம் இல்லை. அவை உண்மையிலேயே திரும்பி வருவதில்லை.

உடன் அனுப்பும் கடிதம்

கதையோடு செல்லும் கடிதம் சுருக்கமாகவும் விநயமாகவும் இருக்க வேண்டும். கதையின் கருத்தை விளக்குவது, நண்பர்கள் படித்துக் கண்ணீர் விட்டதாகச் சொல்வது, பெரிய எழுத்தாளர் ஒருவரின் பெயரைச் சிபாரிசாகப் புகுத்துவது, 'என் முதல் முயற்சி, பிழை பொறுத்தருள்க' என்று இரங்குவது ஆகிய நான்கும் தவிர்க்கத்தக்கவை. பின்வருமாறு எழுதினால் போதும்:

"அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். 'செல்லாத நோட்டு' என்னும் சிறுகதையை இத்துடன் இணைத்துள்ளேன். சுமார் 2,200 சொற்கள். இது என் சொந்தப் படைப்பு. வேறெங்கும் வெளியானதில்லை, வேறெந்தப் பத்திரிகையின் பரிசீலனையிலும் இல்லை. சென்ற ஆண்டு முதல் தங்கள் பத்திரிகையின் சந்தாதாரராக இருக்கிறேன். தங்கள் முடிவை அறிய ஆவலாக உள்ளேன்."

'வேறெந்தப் பத்திரிகையின் பரிசீலனையிலும் இல்லை' என்னும் உறுதிமொழி இலேசானதன்று. ஒரே கதையை இரண்டு ஏடுகளுக்கு அனுப்பி, இரண்டிலும் ஒரே மாதத்தில் அது வெளிவந்துவிட்டால், இரண்டு ஆசிரியர்களும் தத்தம் வாசகர்முன் தலைகுனிய நேர்கிறது. அதன் பின் அந்த எழுத்தாளரின் உறை அவ்விரு அலுவலகங்களிலும் மகிழ்ச்சியோடு பிரிக்கப்படுவதில்லை. முகநூலில் ஏற்கெனவே பதிவிட்ட கதையையும் பல ஆசிரியர்கள் பிரசுரமானதாகவே கருதுகின்றனர் என்பதை அறிந்து, பத்திரிகைக்கு உரியதை முன்னதாக அங்கே போட்டுவிடாதிருங்கள்.

காத்திருத்தலும் நிராகரிப்பும்

பத்திரிகை தன் பரிசீலனைக் காலத்தை அறிவித்திருந்தால் அதுவரை காத்திருங்கள். அறிவிக்காத இடத்தில் மூன்று மாதம் பொறுத்து, கதையின் பெயரையும் அனுப்பிய தேதியையும் சொல்லி ஒரு வரியில் விசாரிப்பது முறைகேடாகாது. அதற்கும் பதில் இல்லையெனில், கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிவிட்டு வேறிடத்துக்கு அனுப்புங்கள். அனுப்பிய மறுநாள் தொலைபேசியில் அழைப்பதும், இலக்கியக் கூட்டத்தில் ஆசிரியரைத் தூணருகே மடக்கி 'நம்ம கதை என்னாச்சு சார்' என்று கேட்பதும் கதைக்கு நன்மை செய்ததாகத் தெரியவில்லை.

நிராகரிப்புகளில் தராதரம் உண்டு. காரணம் கூறாமல் 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று வரும் பதிலிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. பக்கமில்லாமை, அதே பொருளில் வேறொரு கதை கையிலிருத்தல், சிறப்பிதழுக்கான ஏற்பாடு எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் வேலைப்பளு மிகுந்த ஓர் ஆசிரியர், 'முடிவு வலிந்து புகுத்தியதாக இருக்கிறது, வேறு கதை அனுப்புங்கள்' என்று தம் கைப்பட இரண்டு வரி எழுதினாரானால், அது நிராகரிப்பின் வேஷத்தில் வந்த அழைப்பு. அந்த முடிவை மீண்டும் படித்துப் பாருங்கள்; அடுத்த கதையைச் செம்மையாக்கி, சில மாதங்களுக்குள் அவருக்கே அனுப்புங்கள். மூன்று ஏடுகள் ஒரே குறையைச் சுட்டினால் கதையைத் திருத்துங்கள். மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால் கதையை அப்படியே நான்காவதற்கு அனுப்புங்கள்.

திருத்தமும் உரிமையும்

கதை ஏற்கப்பட்ட பின் ஆசிரியர் சில மாற்றங்களைக் கோரலாம். எழுத்துப் பிழை, வாக்கியக் குழப்பம், மிகைப்பட்ட வருணனை ஆகியவற்றில் அவருடைய கத்தரிக்கு இணங்குவதே பெரும்பாலும் கதைக்கு லாபம். பாத்திரத்தின் சாதி, தொழில், பேச்சு வழக்கு, கதையின் முடிவு ஆகியவற்றை மாற்றக் கோரினால், உங்கள் ஆட்சேபத்தைக் காரணத்தோடு நிதானமாக எழுதித் தெரிவியுங்கள். உடன்பாடு ஏற்படாவிட்டால் கதையைத் திரும்பப் பெறும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. மெய்ப்பு உங்கள் பார்வைக்கு வருமாயின் அச்சுப் பிழைகளை மட்டும் திருத்துங்கள். கதையைப் புதிதாக எழுத அதுவன்று சமயம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. அதன்படி, ஊழியத்தின் பேரில் எழுதாத சுயேச்சை எழுத்தாளரின் கதைக்குரிய உரிமை, அவரே எழுத்து மூலம் கையொப்பமிட்டு மாற்றித் தந்தாலன்றி, அவரிடமே இருக்கிறது. அவர் காலமான பின்னும் 60 ஆண்டுகள் அவர் வாரிசுகளிடம் நிலைக்கிறது. உரிமையை மாற்றித் தரும் பத்திரத்தில் காலவரையறை குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்தாண்டுகளுக்கே செல்லும். சிற்றிதழ்கள் பெரும்பாலும் பத்திரம் எதுவும் கேட்பதில்லை. ஒருமுறை வெளியிட்டுக்கொள்ளும் அனுமதியோடு திருப்தியடைகின்றன. ஆனால் பரிசுப் போட்டிகளின் விதிகளில், பரிசு பெறும் கதைகளின் சகல உரிமையும் நிறுவனத்தையே சாரும் என்னும் வாசகம் சில சமயம் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். பரிசுத் தொகையைப் படிக்கும் அதே சிரத்தையோடு அந்த விதிகளையும் படியுங்கள். பின்னாளில் உங்கள் தொகுதியில் அக்கதையைச் சேர்க்கவும், மொழிபெயர்ப்புக்கோ திரைப்படத்துக்கோ அனுமதி தரவும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது அவ்வொரு வரியிலேயே நிர்ணயமாகிறது.

வெளிவந்த பின்

கதை வெளியான இதழின் இரண்டு பிரதிகளைப் பத்திரப்படுத்தி, பத்திரிகையின் பெயர், மாதம், ஆண்டு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பத்துப் பன்னிரண்டு கதைகள் சேர்ந்து ஒரு தொகுதி உருவாகும்போது பதிப்பாளர் இந்த விவரங்களைக் கேட்பார். 1970-இல் சென்னையில் தோன்றிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு, பத்திரிகைகளில் வெளியாகும் கதைகளிலிருந்து மாதந்தோறும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆண்டின் சிறந்த கதைகளை நூலாகவும் கொண்டுவந்த வழக்கத்தால், சிற்றேட்டின் மூலையில் வந்த கதைகள் பல பெரிய வாசகக் கூட்டத்தைச் சென்றடைந்தன. கதை வெளிவராத காலத்திலும் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. ஏடுகளில் இடம் கிடைக்கவில்லை என்று ஏங்கியிராமல், 1970-இல் ஞானக்கூத்தன், நா. கிருஷ்ணமூர்த்தி, சா. கந்தசாமி முதலிய இளைஞர்கள் கூடித் தாங்களே 'கசடதபற'வைத் தொடங்கினார்கள். அதற்கான பணமும் துணையும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் ஒருவர் கதையை ஒருவர் தயவுதாட்சிணியமின்றிப் படித்துச் சொல்லும் நான்கு நண்பர்களைத் தேடிக்கொள்வது யாருக்கும் சாத்தியமே.

சிற்றிதழ்கள் பல சில ஆண்டுகளிலேயே நின்றுபோயின. அவற்றுக்குக் கதைகள் வராமற்போனதில்லை, சந்தாதாரர்கள்தாம் வராமற்போனார்கள். தன் கதையைத் தமிழ் நாட்டார் வாசிக்க வேண்டுமென்று விரும்புகிறவர், பிறர் கதைகள் வெளிவரும் ஏட்டைக் காசு கொடுத்து வாங்கி வாசிக்கக் கடமைப்பட்டவர். ஆதலால் இந்த அத்தியாயத்தை மூடியவுடன், உங்களுக்குப் பிடித்த ஏதேனும் ஒரு பத்திரிகைக்கு ஓராண்டுச் சந்தாவை அனுப்புங்கள்; கதையை அடுத்த தபாலில் அனுப்பலாம்.